உறையாத இரத்தம் உறையும்போது

ஈரல் கெட்டவருக்கு இரத்தம் உறையாது. ஈரல் நோயாளி ஒருவரை வைத்துப் பார்த்த வீடு ஹாலிஎல டவுனில் இருந்தாலும் மேலே தோட்டத்து லயத்தில் இருந்தாலும் இந்தச் சங்கதி தெரிந்திருக்கும். ஊசி குத்திய இடத்தில் பஞ்சை நெடுநேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். பல் துலக்கினால் ஈறு கசியும். கதவு நிலையில் லேசாகக் கை பட்டாலே நீலம் பாய்ந்துவிடும். ஒருநாள் நடுச்சாமத்தில் கறுப்பாக வாந்தி எடுத்து, கிடைத்த திரீவீலரில் பதுளை ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார்கள். இத்தனையும் பார்த்த குடும்பத்திடம் போய், அந்த மனிதரின் உடம்பில் இரத்தம் உறைந்துவிடும் அபாயமும் இருக்கிறது என்றால் யார் நம்புவார்கள்?

வைத்தியர்களே நெடுங்காலம் நம்பவில்லை.

“ஈரல் மாற்றலாம்” என்ற பேச்சு எழுந்ததும் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, “இரத்தம் நிற்காமல் போய்விட்டால்?” என்பதுதான். நியாயமான கேள்வி. ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சையில் இரத்தப்போக்கு பெரிய ஆபத்து, இன்றும். ஆனால் தியேட்டருக்குள் நோயாளியின் தலைமாட்டில் நிற்கும் மயக்க மருந்து நிபுணர் இன்னொன்றையும் எதிர்பார்த்துக்கொண்டிருப்பார். பத்து மணி நேரம் ஓடக்கூடிய அந்தச் சத்திரசிகிச்சையின் நடுவே, ஒரு சில நிமிடங்களுக்குள், இதயத்தின் வலப்பக்க அறைகளில் இரத்தம் கட்டியாகத் திரண்டு, அங்கிருந்து நுரையீரலுக்குப் போகும் பாதையை அடைத்துவிடலாம். இதயம் துடிக்கும், ஆனால் தள்ளுவதற்கு வழி இருக்காது.

இது அடிக்கடி வருவதல்ல. நூறு பேருக்கு ஒருவர், இருவர் என்பது பல மையங்களின் கணக்கு. சில இடங்களில் கொஞ்சம் கூட. வந்தால்தான் கொடுமை. உலகின் பல வைத்தியசாலைகளில் இப்படிப் பதிவான 74 நோயாளிகளின் விபரங்களை ஒன்றாகத் திரட்டி 2008-ல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பிழைக்கவில்லை.

பதுளைப் பக்கத்திலிருந்து இந்தச் சிகிச்சைக்காக ராகமைக்கும் சென்னைக்கும் ஆட்கள் போகும் காலம் இது. அதனால், சம்மதப் படிவத்தின் கீழே கையெழுத்துப் போடும் மனைவிக்கும் மகனுக்கும் இந்தக் கதை தெரிந்திருப்பது நல்லது என்று நினைக்கிறேன். படிவத்தில் இது ஒரு வரியாகக் கிடக்கும். அந்த வரியை நின்று படிக்க அன்று யாருக்கும் மனம் இருக்காது.

தராசின் இரண்டு தட்டு

இரத்தம் உறைவதற்கு வேண்டிய புரதங்களில் பெரும்பாலானவற்றை ஈரல்தான் உற்பத்தி செய்கிறது. பைப்ரினோஜன், புரோத்ரோம்பின், ஐந்தாம் காரணி, ஏழாம் காரணி என்று பட்டியல் நீளும். ஈரல் சுருங்கிக் கல்லாகும்போது உற்பத்தி குறைகிறது. கூடவே மண்ணீரல் வீங்கிப் பிளேட்லெட்டுகளைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்கிறது. பிளேட்லெட் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. டெங்கு வந்த ஊர்களில் அது வீட்டுச் சொல்லாகிவிட்டது. ஆக, உறையவைக்கும் பக்கம் இளைத்துவிடுகிறது. இதுவரைக்கும் ஊர் அறிந்த கதை சரிதான்.

மறுபாதி இப்படி. இரத்தம் அளவுக்கு மீறி உறைந்துவிடாமல் தடுக்கும் புரதங்களும் உண்டு: புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ், அன்டித்ரோம்பின். அவற்றைச் செய்வதும் இதே ஈரல்தான். ஈரல் கெட்டால் அவையும் குறைகின்றன. இதற்கு மேல், இரத்தக்குழாய்களின் உட்சுவரிலிருந்து வரும் எட்டாம் காரணியும் வொன் வில்லபிராண்ட் காரணியும் ஈரல் நோயில் குறைவதில்லை, கூடுகின்றன. அவை உறையவைக்கும் கட்சி.

கடைத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தட்டிலும் ஐந்து ஐந்து கிலோ இருந்தால், ஒரு பக்கம் பிடி அரிசி விழுந்தாலும் முள் பெரிதாக ஆடாது. இரண்டு தட்டிலும் ஒரு கைப்பிடிதான் இருக்கிறது என்றால் முள் நடுவில்தான் நிற்கும். ஆனால் ஒரு சிட்டிகை விழுந்தால் போதும், சட்டென்று சாயும். ஈரல் நோயாளியின் இரத்தம் இந்த இரண்டாவது தராசு. அது எந்தப் பக்கம் சாயும் என்பது, என்ன விழுகிறது என்பதைப் பொறுத்தது. கிருமித்தொற்று விழலாம், சிறுநீரகம் பழுதாகலாம், வயிறு திறக்கப்படலாம், பைப்பையாக அடுத்தவர் இரத்தம் ஏறலாம்.

இத்தாலியின் அர்மாண்டோ திரிபோடி, பியர் மன்னுச்சி, நெதர்லாந்தின் டொன் லிஸ்மன், ராபர்ட் போர்ட்டே போன்றவர்கள் இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் இதைச் சோதனைக்கூடத்தில் நிறுவிக்காட்டினார்கள். அதுவரை வைத்தியர்கள் பார்த்துக்கொண்டிருந்தது ஐஎன்ஆர் என்ற ஒற்றை எண்ணைத்தான். கிளினிக் கொப்பியில் அந்த எண் 2-க்கு மேல் போனால் வீட்டுக்காரருக்கும் நெஞ்சு திக்கென்னும். ஆனால் ஐஎன்ஆர், இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் மாத்திரை குடிப்பவர்களைக் கண்காணிக்க 1983-ல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட அளவுமுறை. உறையவைக்கும் தட்டை மட்டும் அது நிறுத்துப் பார்க்கும். மற்றத் தட்டு அதன் கண்ணுக்குத் தெரியாது. எண்ணைச் சரியாக்குவதற்காகவே பிளாஸ்மாவைப் பைப்பையாக ஏற்றிய காலம் ஒன்று இருந்தது. நாளங்களில் அழுத்தம் கூடியதுதான் பல நேரங்களில் மிச்சம்.

டென்வர், 1963

இந்த இரண்டு தட்டுக் கதை முழுவதையும் ஈரல் மாற்றின் முதல் இரண்டு நோயாளிகளிடமே படித்துவிடலாம்.

1963 மார்ச் 1 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரில் தோமஸ் ஸ்டார்ஸல் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் மனிதருக்கு ஈரல் மாற்றும் முதல் முயற்சியைச் செய்தார். பித்தக்குழாய் இல்லாமல் பிறந்த மூன்று வயதுச் சிறுவன். முன்பு நடந்த சத்திரசிகிச்சைகளால் வயிற்றுக்குள் எல்லாம் ஒட்டிப்போயிருந்தது. வெட்டிய இடமெல்லாம் கசிந்தது. இரத்தத்தை நிறுத்த முடியவில்லை. சிறுவன் மேசையிலேயே இறந்தான்.

மே மாதம் இரண்டாவது முயற்சி. ஈரலில் புற்றுநோய் வந்த 48 வயதுக்காரர். முதல் மரணம் மனதை விட்டு அகலாத குழுவினர் இம்முறை ஆயத்தமாக இருந்தார்கள். உறைந்த இரத்தம் கரைந்துவிடாமல் தடுக்கும் அமினோகப்ரோயிக் அமிலத்தைக் கொடுத்தார்கள். பலன் கிடைத்தது, இரத்தம் நின்றது, புதிய ஈரலும் வேலை செய்தது. அவர் 22 நாள் வாழ்ந்தார். இறந்த பிறகு பார்த்தபோது நுரையீரலில் இரத்தக்கட்டிகள். ஈரலை எடுத்த நேரத்தில் கால்பக்கத்து இரத்தத்தை மேலே கொண்டுபோகப் போட்டிருந்த பிளாஸ்டிக் குழாய்ப் பாதையில் உருவாகி, மெல்ல நகர்ந்து போயிருந்தன. முதலாமவரைக் கொன்றதைத் தடுக்கக் கொடுத்த மருந்து, அடுத்தவரின் மரணத்துக்கு வழிசெய்த சந்தேகத்தில் மாட்டிக்கொண்டது.

அந்த ஆண்டில் ஈரல் மாற்றப்பட்ட எவரும் ஒரு மாதத்தைத் தாண்டவில்லை. ஸ்டார்ஸல் மூன்று ஆண்டுக்கு மேல் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். 1967-ல் மறுபடி தொடங்கியபோதுதான் ஒரு குழந்தை ஓராண்டைக் கடந்து வாழ்ந்தது. பிறகு அவர் பிட்ஸ்பர்க் நகருக்கு மாறினார். அங்கே 1980-களில் யூ கூ காங் என்ற மயக்க மருந்து நிபுணர், நெடுநாளாய் மறந்துகிடந்த ஒரு கருவியைத் தியேட்டருக்குள் கொண்டுவந்தார். 1948-ல் ஜெர்மனியின் ஹெல்முட் ஹார்ட்டர்ட் கண்டுபிடித்த திரொம்போஎலாஸ்டோகிராப். ஒரு சிறு கிண்ணத்தில் நோயாளியின் சில துளி இரத்தத்தை விட்டு, மெல்ல அசைத்து, அது எப்போது உறையத் தொடங்குகிறது, எவ்வளவு இறுகுகிறது, எப்போது கரைகிறது என்று வரைந்து காட்டும். இரத்த வங்கிக்கு எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது என்று அப்போதிலிருந்து கண்ணால் பார்த்து முடிவெடுக்க முடிந்தது. கேட்காமல் விடுவதும் சிகிச்சைதான். பிளேட்லெட்டும் உறைவுக் காரணிகளும் தேவைக்கு மேல் ஏறினால் தராசு மறுபக்கம் சாயும்.

அப்ரோடினின் என்றொரு மருந்து ஈரல் மாற்றில் இரத்தப்போக்கைக் குறைக்க ஒரு காலத்தில் தாராளமாகப் பயன்பட்டது. இதயச் சத்திரசிகிச்சை நோயாளிகளில் மரணங்களைக் கூட்டுகிறது என்று தெரிந்ததும் 2007-ல் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. டென்வர் பாடத்தை மருத்துவம் இரண்டாம் முறையும் படிக்க வேண்டியிருந்தது.

கவ்வியை விடும் நிமிடம்

பழைய ஈரலை எடுக்க வேண்டுமானால் அதற்குள் போகும் வாயினாளத்தையும், பின்புறமாக இதயத்துக்கு ஏறும் கீழ்ப்பெருநாளத்தையும் கவ்வியால் பிடிக்க வேண்டும். உடம்பின் கீழ்ப்பாதியிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் அந்த நொடியில் வெகுவாகக் குறைந்துபோகும். பெருநாளத்தை முழுதாக மூடாமல் ஓரமாகப் பிடித்து, புதிய ஈரலை அதன்மேல் இணைக்கும் முறை 1989-க்குப் பிறகு பரவியதால் இன்று அந்த அதிர்ச்சி பல நோயாளிகளுக்குக் குறைந்திருக்கிறது. ஆனாலும் அடுத்த ஒரு மணி நேரம் அளவுக்கு அந்த மனிதர் ஈரலே இல்லாமல் கிடக்கிறார். உறைவுக் காரணி எதுவும் புதிதாக வராது. அமிலம் தேங்கும். ஏற்றும் இரத்தப் பைகளில் உறையாமல் இருக்கச் சேர்த்திருக்கும் சிட்ரேட்டைச் சிதைக்க ஈரல் இல்லை. அது கல்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். கல்சியம் குறைந்தால் இதயத் தசை தளரும். மயக்க மருந்து நிபுணர் இந்த நேரத்தில் கணக்காளர் வேலை பார்க்கிறார் என்றே சொல்ல வேண்டும். பொட்டாசியம், கல்சியம், சீனி, அமிலம், சூடு எல்லாவற்றையும் நிமிடத்துக்கு நிமிடம் சரிபார்க்கிறார்.

அப்புறம் கவ்வியை விடும் நேரம். சத்திரசிகிச்சை நிபுணர் உரக்கச் சொல்லிவிட்டுத்தான் விடுவார். புதிய ஈரல் அதுவரை ஐஸ் பெட்டியில், 4 பாகைக் குளிரில், பொட்டாசியம் கூடிய திரவம் நிரம்பி இருந்தது. கழுவித்தான் இணைப்பார்கள். என்றாலும் குளிரும் அமிலமும் பொட்டாசியமும் கலந்த இரத்தம் ஒரே வீச்சில் இதயத்தின் வலது அறைக்குள் பாய்கிறது. துடிப்பு மெலியும். இரத்த அழுத்தம் விழும். முதல் ஐந்து நிமிடங்களுக்குள் அழுத்தம் 30 வீதத்துக்கு மேல் சரிந்து ஒரு நிமிடமாவது அப்படியே நின்றால், அதற்கு வைத்தியர்கள் தனியாகப் பெயரே வைத்திருக்கிறார்கள். 1987-ல் பிட்ஸ்பர்க் குழு வகுத்த வரையறை அது. பெரும்பாலும் அட்ரினலினும் கல்சியமும் கொடுத்தால் நிமிடங்களில் மீண்டுவிடும். சிலருக்கு இதயம் நின்றே போய், நெஞ்சை அழுத்தி மீட்க வேண்டி வரும்.

இரத்தக்கட்டி வருவதும் பெரும்பாலும் இந்த நேரத்தை ஒட்டித்தான். ஏன் என்பதற்கு ஒற்றை விடை கிடையாது. ஓட்டம் தடைப்பட்டுத் தேங்கிய இரத்தம் ஒரு காரணம். உறைவைத் தூண்டும் பொருட்கள் புதிய ஈரலிலிருந்து கழுவப்பட்டு வருவது இன்னொன்று. அதிகமாக ஏற்றிய இரத்தம், கழுத்தில் போட்ட பெரிய குழாய், முன்பே காலிலோ வாயினாளத்திலோ இருந்த கட்டி, இவையெல்லாம் சேரலாம். இதே நேரத்தில் புதிய ஈரலிலிருந்து உறைவைக் கரைக்கும் பொருளும் வெளியாகிறது. அதனால் ஒரு நோயாளிக்கு வயிறெல்லாம் கசிந்துகொண்டிருக்கும். பக்கத்துத் தியேட்டரில் இன்னொருவருக்கு இதயத்தில் கட்டி திரளும். சில நேரம் இரண்டும் ஒருவருக்கே நடக்கும்.

முதல் அறிகுறி திரையில் வரும். மூச்சில் வெளியேறும் கரியமிலவாயுவின் அளவு திடீரென்று விழும். நுரையீரல் நாடியின் அழுத்தம் ஏறும். உடம்பின் அழுத்தம் இறங்கும். உணவுக்குழாய்க்குள் ஏற்கனவே இறக்கியிருக்கும் அல்ட்ராசவுண்ட் கருவி இதயத்துக்கு நேர் பின்னால் நின்று படம்பிடிக்கும். அதில் வலது அறையில் வெண்ணிறத் திரள் ஒன்று ஆடுவது தெரிந்தால் சந்தேகம் தீர்ந்தது. ஈரல் நோயாளிகளின் உணவுக்குழாயில் வீங்கிய நாளங்கள் இருப்பதால் இந்தக் கருவியை இறக்கப் பயந்த காலமும் உண்டு. கவனமாகச் செய்தால் ஆபத்து குறைவு என்று அனுபவம் காட்டியபின் பெரிய மையங்கள் பலவற்றில் இது வழக்கமாகிவிட்டது.

பார்த்தாயிற்று, செய்வது என்ன? கட்டியைக் கரைக்கும் மருந்து இருக்கிறது. மாரடைப்புக்குக் கொடுப்பதே. ஆனால் இங்கே வயிறு திறந்து கிடக்கிறது, நாலு இடத்தில் இரத்தக்குழாய்களைப் புதிதாகத் தைத்திருக்கிறது. கரைத்தால் எல்லா இடமும் கசியலாம். கரைக்காவிட்டால் இதயம் நிற்கலாம். மாரடைப்புக்குக் கொடுப்பதில் மிகச் சிறு பங்கை, சில மில்லிகிராமை மட்டும், கொடுத்துப் பார்ப்பது இப்போது பல குழுக்கள் கைக்கொள்ளும் வழி. மேலும் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் கொடுக்கலாம். வசதி உள்ள இடத்தில் இதய-நுரையீரல் இயந்திரத்தில் போடலாம், நெஞ்சைத் திறந்து கட்டியை எடுக்கலாம். எதையும் யோசித்துக்கொண்டிருக்க நேரம் கிடையாது. இந்த முடிவை எடுக்கும் வைத்தியரின் பெயர் வெளியே காத்திருக்கும் சொந்தக்காரருக்குத் தெரியாது. சத்திரசிகிச்சை நிபுணரைக் கும்பிட்டுவிட்டுப் போவோம். மயக்க மருந்து நிபுணரை நம்மூரில் யார் கும்பிட்டிருக்கிறார்கள்?

அந்தக் கட்டம் தாண்டி வந்தவருக்கு வார்டில் இன்னொரு கட்டி காத்திருக்கலாம். ஈரலுக்குள் போகும் நாடி மெல்லியது. குழந்தைகளில் சில மில்லிமீற்றர்தான். அது அடைபட்டால் புதிய ஈரலின் பித்தக்குழாய்கள் செத்துவிடும். பலருக்கு இரண்டாவது ஈரல் தேட வேண்டி வரும். முதல் சில நாட்கள் டொப்ளர் ஸ்கேனைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்கே வருவது அதற்காகத்தான். “நேற்றுத்தானே பார்த்தீர்கள்” என்று அலுத்துக்கொள்ள வேண்டாம்.

ரயில் பாதையின் மறுமுனை

1924-ல் பதுளை வரை வந்து முடிந்த மலைநாட்டு ரயில் பாதையில் ஹாலிஎல கடைசிக்கு முந்திய நிலையம். அதே பாதையின் மறுமுனையில், கொழும்பை நெருங்கும்போது வருவது ராகமை. பிளேக் நோய்க்குப் பயந்து தென்னிந்தியத் தொழிலாளரைத் தடுத்துவைத்துப் பார்த்த முகாம் ஒரு காலத்தில் அங்கேதான் இருந்தது. நம்மவர் சிலரின் பாட்டன் பூட்டன் அந்த வழியாக மலையேறியிருப்பார்கள். இன்று அங்கிருப்பது வட கொழும்பு போதனா வைத்தியசாலை. களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு சேர்ந்து இயங்கும் ஈரல் மாற்றுப் பிரிவு, ரொஹான் சிறிவர்தன தலைமையிலான சத்திரசிகிச்சைக் குழுவின் உழைப்பில் வளர்ந்தது. மயக்க மருந்துப் பக்கத்தைக் கட்டியெழுப்பியவர்களில் பாக்யா குணதிலக்கவின் பெயரைச் சொல்லியாக வேண்டும். தனியார் வைத்தியசாலையில் கோடிக்கணக்கில் போகும் சிகிச்சையை அரச வைத்தியசாலைக்குள் கொண்டுவந்தது சின்ன வேலையல்ல.

சென்னைக்குப் போகிறவர்களும் உண்டு. இந்தியாவில் ஈரல் மாற்று முதன்முதலில் வெற்றி கண்டது 1998 நவம்பரில். காஞ்சிபுரத்தைச் சேர்ந்த, இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தைக்குத் தகப்பனின் ஈரலில் ஒரு பகுதியை டெல்லியில் பொருத்தினார்கள். அந்தக் குழந்தை வளர்ந்து பிற்பாடு வைத்தியராகவே ஆனது. மயிலாடுதுறைப் பக்கம் கிளியனூரில் பிறந்து, லண்டன் கிங்ஸ் கல்லூரி வைத்தியசாலையில் 1997-ல், பிறந்து ஐந்தே நாளான சிசுவுக்கு ஈரல் மாற்றிய முகமது ரேலா பின்னாளில் சென்னைக்கே வந்து மையம் அமைத்தார். வசதியுள்ளவருக்கு அந்த வாசல் திறந்திருக்கிறது. ஆனால் இந்தியச் சட்டப்படி, வெளிநாட்டு நோயாளி என்றால் ஈரல் கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் உள்ள உறவைத் தூதரகம் உறுதிப்படுத்த வேண்டும். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அலைச்சல்தான். தோட்டத்தில் பிறந்தவர்களின் பத்திரங்களில் பெயர் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கும் என்பது நமக்குத் தெரியும். நோய் முற்றுமுன் அதைத் திருத்தி வைப்பதும் ஆயத்தத்தில் ஒன்று.

காசுக்கு, ஜனாதிபதி நிதியத்தில் விண்ணப்பிக்கலாம். முன்பு அதற்குக் கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பத்தை ஏற்கிறார்கள்.

தோட்டத்து ஈரல், தோட்டத்து இதயம்

“குடிச்சுக் குடிச்சு ஈரல் போச்சு.” மரண வீட்டில் கூடக் காதுபடச் சொல்லிவிடுவார்கள். கசிப்பும் சாராயமும் லயங்களில் செய்த நாசத்தை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வாயில் ஒரு சொட்டுப் படாதவர்களும், கொழுந்து எடுத்துக் காலம் கழித்த பெண்களும் இதே நோயோடு கிளினிக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஈரலில் கொழுப்புப் படிவதே அவர்களில் பலருக்குக் காரணம். ராகமைப் பகுதியில் 35 முதல் 64 வயது வரையானவர்களை 2007-ல் ஸ்கேன் செய்து பார்த்ததில், குடியால் வராத கொழுப்பு ஈரல் 32.6 வீதத்தினரிடம் இருந்தது. அது நகரத்துக் கணக்கு. அதே ஆய்வாளர்கள் நுவரெலியா மாவட்டத்தில் இரண்டு தோட்டங்களுக்கும் போனார்கள். நாள் முழுக்க மலையேறி இறங்கி உழைக்கும், வருமானம் குறைந்த, பெரும்பாலும் நம் தமிழ் மக்கள். 2011-ல் முடிவு வெளியானது: அவர்களிடமும் 18 வீதம். உழைப்பாளிக்கு இந்த வருத்தம் வராது என்ற எண்ணத்தை அந்த எண் உடைத்துவிட்டது. மூன்று வேளை மாவும் சோறும், சீனி கூடிய தேத்தண்ணி, அறியாமல் கிடக்கும் நீரிழிவு. ஊவாவின் தோட்டங்களில் சாப்பாடு இதிலிருந்து பெரிதாக வேறுபட்டதென்று நான் நினைக்கவில்லை.

கொழுப்பு ஈரலையும் இதயத்தையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பதால்தான் இதை இங்கே சொல்கிறேன். ஈரலைக் கெடுத்த அதே நீரிழிவும் கொழுப்பும் இதய நாடிகளையும் அடைத்துக்கொண்டு வந்திருக்கும். முற்றிய ஈரல் நோயில் இரத்தக்குழாய்கள் தளர்ந்து விரிந்திருப்பதால் அழுத்தம் குறைவாகவே இருக்கும். இதயத்துக்குச் சுமை தெரியாது. நோயாளி கட்டிலில் இருந்து வாசல் வரைதான் நடக்கிறார். நெஞ்சு வலிக்க வாய்ப்பே இல்லை. இதயம் பலவீனம் என்பது கவ்வியை விடும் நிமிடத்தில்தான் வெளியே வரும். அதனால்தான் “ஈரலுக்கு வந்தவரை ஏன் இதயப் பிரிவுக்கு அனுப்புகிறார்கள்” என்று அலுத்துக்கொள்ளும் அந்த எக்கோ, ஸ்ட்ரெஸ் டெஸ்ட், அஞ்சியோகிராம் எல்லாம். இதயம் தாங்காது என்று தெரிந்தால் ஈரல் மாற்றை மறுத்துவிடுவதும் உண்டு. அது கைவிடுவதாகத் தோன்றும். மேசையில் இழப்பதைவிட அது நேர்மையானது.

கீழாநெல்லியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மஞ்சக்காமாலை என்றதும் அரைத்துக் கொடுப்பது நம் வழக்கம். தண்ணீரால் தொற்றும் காமாலை பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். பெயர் கீழாநெல்லிக்குப் போய்ச் சேரும். அதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. கண் மஞ்சளோடு வயிறும் வீங்குகிற ஆளுக்கு அதை அரைத்துக்கொண்டு ஆறு மாதம் வீட்டில் வைத்திருப்பதுதான் வருத்தம். அந்த ஆறு மாதத்தில் வாயினாளம் கட்டிப்போய்விட்டால், மாற்றுச் சத்திரசிகிச்சையே பலமடங்கு கடினமாகிவிடுகிறது.

கொடுப்பவர்

இலங்கையில் 1987-ஆம் ஆண்டின் 48-ஆம் இலக்கச் சட்டம், மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்தும் உயிரோடிருப்பவரிடமிருந்தும் உறுப்புப் பெற வழிசெய்கிறது. மூளைச்சாவு அடைந்தவரின் ஈரல் எப்போது கிடைக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. பல வீடுகளில் மகனோ தங்கச்சியோ தன் ஈரலில் பாதிக்கு மேல் கொடுக்க முன்வருகிறார்கள். ஈரல் வளர்ந்துவிடும், பயமில்லை என்று எல்லோரும் தைரியம் சொல்வார்கள். வளர்வது உண்மை. பயமில்லை என்பது முழு உண்மையல்ல. உலகக் கணக்கில் ஆயிரம் கொடையாளருக்கு ஒருவர் முதல் ஐவர் வரை இறந்திருக்கிறார்கள். அந்த மரணங்களுக்குச் சொல்லப்படும் காரணங்களில், காலில் உருவாகி நுரையீரலுக்குப் போன இரத்தக்கட்டியும் உண்டு.

நோயாளியின் தராசு இரண்டு பக்கமும் இளைத்தது. கொடுப்பவரின் உடம்போ நல்ல உடம்பு. பெரிய வெட்டுக்குப் பிறகு நல்ல உடம்பு உறைவைக் கூட்டிக்கொள்ளும். அதோடு ஈரலில் பாதி போனதால் தடுக்கும் புரதங்கள் சில வாரங்களுக்குக் குறைவாகவே இருக்கும். அதனால் கொடையாளருக்கு வார்டில் ஹெப்பரின் வகை ஊசி போடுவார்கள், இறுக்கக் காலுறை போடுவார்கள், மறுநாளே எழுப்பி நடக்க வைப்பார்கள். வலிக்கிறது என்று படுத்தே கிடந்தால் கெடுதல். குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை குடிக்கும் பெண் என்றால் சத்திரசிகிச்சைக்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். சொந்தத்தில் யாருக்காவது இளவயதில் காலிலோ நெஞ்சிலோ இரத்தக்கட்டி வந்திருந்தால் அதையும்.

வீடு திரும்பும்போது இன்னொரு சிக்கல். ராகமையில் இருந்து ஹாலிஎலவுக்கு ரயிலில் எட்டு ஒன்பது மணி நேரம் உட்கார்ந்து வர வேண்டும். நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் காலில் இரத்தம் கட்டும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-ல் சொன்னது. விமானத்துக்கு மட்டுமல்ல, ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் சேர்த்துத்தான். வயிற்றில் தையலோடு இருப்பவருக்கு இது சும்மா விடும் விஷயமல்ல. டிஸ்சாஜ் ஆகும் அன்றே கிளம்பாமல் ராகமைப் பக்கத்தில் சில நாள் தங்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் வழியெல்லாம் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து பெட்டிக்குள் நடக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும். வீட்டில் தொடர்ந்து ஊசி வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு வர வேண்டும்.

பிறகு மூன்று மாதமாவது பாரம் தூக்கக் கூடாது என்பார்கள். கூடையைத் தலையில் மாட்டி மலையேறுகிறவருக்கு, மூன்று மாதம் பேர் விழாது என்பதே அதன் பொருள். சம்பளம் இல்லாத அந்த மாதங்களுக்கு யார் பொறுப்பு என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை. அதனால் ஐந்தாம் வாரமே மலைக்குப் போய்விடுகிறவர்கள் இருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தோட்ட நிர்வாகத்திடமும் சங்கத்திடமும் இதைச் சத்திரசிகிச்சைக்கு முன்பே பேசி வைப்பது நல்லது. முடிந்த பிறகு பேசினால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கி கெண்டைச்சதை நோவெடுத்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சில் குத்தினாலோ அடுத்த கிளினிக் தேதிவரை பொறுக்கக் கூடாது. கேஸ்ட்ரிக் என்று சொல்லி இஞ்சித் தண்ணி குடித்துப் படுக்கவும் கூடாது. நேரே பதுளை வைத்தியசாலைக்குப் போய், டயக்னோசிஸ் காட்டை எடுத்து நீட்டி, ஈரல் கொடுத்தவர் நான், இந்தத் தேதியில் வெட்டினார்கள் என்று வாசலிலேயே சொல்லிவிட வேண்டும். சொன்னால் ஒழியத் தெரியாது. சட்டையைப் போட்டுவிட்டால் அவர் பார்ப்பதற்கு வருத்தமே இல்லாத ஆள்.